வலி பத்துக்கு எத்தனை

1. சுற்றுகிற வேலை

திருப்பூரில் ஓர் எலும்பு மருத்துவமனையின் லேபில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்று ஒரு வருடம்தான் ஆகிறது. லேப் டெக்னீசியன் படிப்பு முடித்துவிட்டு வருகிற பிள்ளைகள் என்னைப் பார்த்தால் மெஷினைப் பற்றித்தான் கேட்பார்கள். எவ்வளவு வேகம், எத்தனை நிமிடம், எந்தக் குழாய். அதெல்லாம் மெஷினோடு வருகிற புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒரு தவறைப் பற்றி நான் எழுத நினைக்கிறேன். அதைச் செய்தவள் நான்.

எங்கள் டாக்டர் முதுகுவலிக்காரர்களுக்கு பிஆர்பி ஊசி போடத் தொடங்கிய சமயம் அது. நோயாளியின் கையிலிருந்தே இரத்தம் எடுப்போம். அதை சென்ட்ரிஃப்யூஜில் வைத்து முதலில் மெதுவாக ஒரு சுற்று, பிறகு வேகமாக ஒரு சுற்று. சிவப்பு அடியில் தங்கிவிடும். மேலே தேன் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும். அதில் பிளேட்லெட் அடர்த்தியாக இருக்கும் பகுதியை மட்டும் சிரிஞ்சில் எடுத்துத் தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே டாக்டர் அதை டிஸ்க்குக்குள் செலுத்துவார். எல்லாம் சேர்த்து இரண்டு மில்லி வந்தால் பெரிது.

முதல் நாள் எதற்காக இவ்வளவு பாடு என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் இந்தப் பக்கத்துக்காரர். கம்பவுண்டரிலிருந்து கம்பெனி முதலாளி வரை எல்லோரிடமும் ஒரே மரியாதையில் பேசுவார்.

"டிஸ்க்குங்கிறது ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கற மெத்தைங்க எஸ்தரம்மா. பெரியவங்க ஆனதுக்கப்புறம் அதுக்குள்ள ரத்தக்குழாயே போறதில்லீங்க. மேலயும் கீழயும் இருக்கற எலும்புல இருந்து கசிஞ்சு வர்றத வெச்சுத்தான் அது பொழைக்கோணும்."

மீதியை அவர் எம்ஆர்ஐ படங்களை வெளிச்சத்தில் மாட்டி விளக்கினார். வயது ஏற ஏற, எடை தூக்கத் தூக்க, டிஸ்க்கில் இருக்கிற செல்கள் குறைகின்றன. தண்ணீரைப் பிடித்துவைக்கிற பொருள் தேய்கிறது. நடுவில் இருக்கும் ஜெல்லி காய்ந்துவிடுகிறது. படத்தில் நல்ல டிஸ்க் வெளுப்பாகத் தெரியும், காய்ந்தது கறுப்பாகத் தெரியும். உடம்பில் மற்ற இடத்தில் காயம் பட்டால் இரத்தத்தோடு பிளேட்லெட் ஓடிவரும். அதற்குள் குரோத் ஃபேக்டர் என்கிற புரதங்கள் இருக்கின்றன. பெருகு, நார் பின்னு, புதிதாகக் கட்டு என்று அங்கிருக்கிற செல்களுக்குச் சொல்பவை அவைதான். டிஸ்க்குக்கு இரத்தமே போகாததால் அந்தச் சொல்லும் போய்ச் சேருவதில்லை. ஊசி வழியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தால் கேட்குமா என்று பார்க்கிறோம். இதுதான் யோசனை.

ஆனால் அதே மூச்சில் இன்னொன்றையும் சொன்னார். குரோத் ஃபேக்டர் பல வகை. சில வகை டிஸ்க்கைக் கட்டும். சில வகை, போகக்கூடாத இடத்துக்கு இரத்தக்குழாயையும் நரம்பையும் இழுத்துக்கொண்டு வரும். நரம்பே இல்லாமல் இருந்த இடத்தில் நரம்பு முளைத்தால் அங்கே வலி தொடங்கும்.

"எது எதை வளக்கும்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாதுங்க. அதனால ஊசி போட்டவங்கள மாசாமாசம் கேட்டு எழுதி வெக்கோணும். கேக்காம நல்லாப் போச்சுன்னு நாமளே முடிவு பண்ணிக்கப்புடாது."

நோயாளிகளிடமும் அவர் இதையே சொல்லித்தான் கையெழுத்து வாங்குவார். குணமாகலாம், ஆகாமலும் போகலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று.

2. ஞாயிறு மதியம்

கேட்டு எழுதுவதற்கு ஒரு நீளமான ரிஜிஸ்டர் போட்டார்கள். முதலில் ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம்தான் கொடுத்தார்கள். அவளுக்கு வருகிற போனை எடுக்கவே நேரமில்லை. கம்பெனி ஆட்களை வேலை நாளில் போனில் பிடிக்கவும் முடியாது. பனியன் கம்பெனி மிஷின் சத்தத்தில் என்ன கேட்டாலும் "ஆங்? ஆங்?" என்பார்கள். ஞாயிறு மதியம்தான் வீட்டில் இருப்பார்கள். அந்த நேரத்தில் யார் வருவார் என்று டாக்டர் கேட்டபோது, நான் வருகிறேன் என்றேன்.

பொறுப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள். உண்மை வேறு. எனக்குச் சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். கல்யாணம் ஆகவில்லை. அம்மா இறந்த பிறகு அண்ணன் வீட்டிலிருந்து கிறிஸ்மஸுக்கு ஒரு போன் வரும். மருத்துவமனைக்குப் பின்தெருவில் மாடியில் ஓர் அறை. ஞாயிறு காலை கோயிலுக்குப் போய்வந்து, ஒரு ஆளுக்குச் சோறு வடித்து, சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தால் மணி ஒன்றரை. அதற்கப்புறம் அந்த நாளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

ரிஜிஸ்டரில் நான்கு கேள்விகள். ஒன்று, வலி பத்துக்கு எத்தனை. இரண்டு, ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது. மூன்று, கால் மரத்துப்போகிறதா, பலம் குறைகிறதா. நான்கு, சிறுநீர், மலம் சரியாகப் போகிறதா. கடைசி இரண்டும் ஆபத்தைக் கண்டுபிடிப்பதற்கு. டிஸ்க் பிதுங்கி நரம்பை நெருக்கினால் அங்கேதான் முதலில் தெரியும்.

மூன்று மாதத்துக்குள் எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. ஒவ்வொருவர் வீட்டுச் சத்தமும் போனில் கேட்கும். குக்கர் விசில், டிவி, குழந்தை அழுகை. வலி எத்தனை என்று கேட்பேன். குறைந்திருக்கிறது என்று சொன்னால் "அப்படியா, பரவாயில்லையே" என்பேன். அப்படிச் சொல்லும்போது என் குரல் எப்படி இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் நடந்தது. நன்றாக இருக்கிறேன் என்று சிரித்துச் சொல்கிறவர்களிடம், சிறுநீர் சரியாகப் போகிறதா என்று கேட்பது அபசகுனம் போலப் பட்டது. முதலில் நான்காவது கேள்வியை விட்டேன். பிறகு மூன்றாவதையும் விட்டேன். ஆனால் அந்தக் கட்டங்களைக் காலியாக விட முடியாது. தொந்தரவு இல்லை என்று நானே டிக் அடித்தேன். டிக் அடிக்கும்போது என் மனதில் எந்த உறுத்தலும் இல்லை. நன்றாக இருக்கிற மனுஷிக்கு வேறு என்ன எழுத முடியும் என்றுதான் நினைத்தேன்.

3. ருக்குமணி

ருக்குமணிக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. பிறந்த ஊர் கொமரலிங்கம். கல்யாணமாகித் திருப்பூர் வந்தவர். பிள்ளை இல்லை. கணவர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். மங்கலம் ரோட்டில் ஒரு லைன் வீட்டில் தனியாக இருந்துகொண்டு ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் பேக்கிங் செக்சனில் வேலை செய்தார். அட்டைப்பெட்டியில் பனியனை அடுக்கி, ஒட்டி, தூக்கி அடுக்குகிற வேலை. எம்ஆர்ஐ படத்தில் இடுப்புக்கு மேலே இரண்டு டிஸ்க் நன்றாக இருந்தன. கீழே ஒன்று கரி மாதிரி இருந்தது.

ஊசி போடுகிற அன்று நான்தான் அவருக்கு இரத்தம் எடுத்தேன். குழாய் நிறைவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என்ற ரத்தத்தையே எனக்கு மருந்தாக் குடுக்கறீங்களா சிஸ்டர்?"

நான் நர்ஸ் இல்லை. இருந்தாலும் எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆமாம் என்றேன்.

"கூட ஆளு வராததுக்கு, நானே எனக்கு ஒத்தாசைக்கு வந்தாப்பல ஆச்சு" என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். துணைக்கு வருபவர் பெயர் எழுதுகிற இடத்தில் அவர் கோடு போட்டிருந்ததை நான் முன்பே பார்த்திருந்தேன். அந்தக் கட்டத்தில் எனக்கும் கோடுதான் வரும்.

ஊசி போடும் முன்பு அவருடைய எண் ஏழு. முதல் மாதம் போன் செய்தபோது ஆறு என்றார். நான் சந்தோஷப்பட்டேன். இரண்டாம் மாதம் ஐந்து. அப்புறம் நாலு. பட்டியலில் அவர் பெயர் நடுவில் இருந்தது. நான் அவரைக் கடைசிக்குத் தள்ளினேன். அப்போதுதான் அவசரமில்லாமல் பேசலாம். அமராவதி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் அண்ணன் வீட்டு வயலில் நாற்று எப்படி நிற்கும் என்று சொல்வார். செக்சன் சூப்பர்வைசர் எப்படி மூக்கால் பேசுவார் என்று பேசிக் காட்டுவார். எங்கள் ஊர்ப்பக்கம் கருப்பட்டி காய்ச்சுவது பற்றி என்னிடம் கேட்பார். யாரும் என்னிடம் அதெல்லாம் கேட்டதில்லை. ஒரு முறை போனை வைத்துவிட்டுப் பார்த்தால் ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது.

ஐந்தாம் மாதம் இரண்டு என்றார். திங்கட்கிழமை முதல் வேலையாக டாக்டரிடம் போய்ச் சொன்னேன், ஏதோ நானே செய்த மாதிரி.

கம்பெனியில் அவரை அதுவரை உட்கார்ந்து டேக் மாட்டுகிற வேலையில் போட்டிருந்தார்கள். அவருக்குப் பேக்கிங்குக்கே திரும்பிப் போக வேண்டும். அங்கேதான் அவருடைய செட்டு இருந்தது. மதியம் சேர்ந்து சாப்பிடுகிற நாலு பெண்கள். டேக் செக்சனில் பெரும்பாலும் வடக்கேயிருந்து வந்த சின்னப் பெண்கள், அவர்கள் பேச்சு இவருக்குப் புரியாது. திரும்பிப் போவதற்கு மருத்துவமனையிலிருந்து ஃபிட்னஸ் லெட்டர் கேட்டார்கள்.

டாக்டர் அவரை வரச்சொல்லிச் சோதித்தார். கால் பலம் சரியாக இருந்தது. குனிந்து நிமிரும்போது முகம் சுண்டியது. கேட்டதற்கு, வெயிலில் பஸ்ஸுக்கு நின்றது என்றார் ருக்குமணி. டாக்டர் என் ரிஜிஸ்டரைத் திருப்பிப் பார்த்தார். ஏழு, ஆறு, ஐந்து, நாலு, மூன்று, இரண்டு. மூன்றாவது, நான்காவது கட்டங்களில் வரிசையாக என் டிக். "வலி எந்தப் படத்துலயும் தெரியாதுங்க. எனக்கு இருக்கற ஒரே சாட்சி இதுதான்" என்று சொல்லி லெட்டரில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் போன் செய்தபோது ஒன்றரை என்றார். கடையில் எடை சொல்வது மாதிரி இருக்கிறதே என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

4. எடுக்காத போன்

அதற்கடுத்த மாதம் முதல் ஞாயிறு அவர் போனை எடுக்கவில்லை. மணி முழுதாக அடித்து நின்றது. சாயங்காலம் மறுபடி அடித்தேன். திங்கள் காலை, திங்கள் மதியம் அடித்தேன். செவ்வாயன்று ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது.

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டேன். ஃபாலோ-அப் விட்டுப்போகக் கூடாது என்று டாக்டரிடம் காரணம் சொன்னேன். அந்த ஞாயிறு அவரோடு பேசாமல் போனதுதான் உண்மையான காரணம். கோபித்துக்கொண்டாரோ, நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனோ என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு உடம்புக்கு ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் கணக்குப்படி அவருக்கு ஒன்றரைதானே.

மங்கலம் டவுன் பஸ்ஸில் போய், ஃபைலில் இருந்த முகவரியைக் கேட்டுக் கேட்டு நடந்தேன். இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் கூப்பிட்டாலும் கேட்காது. ஆறு கதவுகள் வரிசையாக இருந்த லைன் வீட்டில் நாலாவது கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். பக்கத்துக் கதவிலிருந்து ஓர் ஒரிசாப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா எந்திரிக்கல. மூணு நாள். நான் தண்ணி குடுக்கறான்" என்றாள். தாழ்ப்பாள் போடவில்லை, தள்ளுங்கள் என்று கையால் காட்டினாள்.

ருக்குமணி பாயில் ஒருக்களித்து முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தார். தலைமாட்டில் ஒரு செம்பும் தொடாத இட்லிப் பொட்டலமும் இருந்தன. என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார். முடியவில்லை. அப்படியும் முகத்தில் ஒரு சிரிப்பை வரவைத்துக்கொண்டார்.

"வாங்க சிஸ்டர். போன எடுக்கவும் சார்ஜ் போடவும் எந்திரிக்க முடியலீங்க. உக்காருங்க."

நான் உட்கார்ந்தேன். பழக்கம் வாயில் வந்தது. வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டேன்.

"ரெண்டுங்க" என்றார்.

ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் திரும்ப முடியாமல், மேலுதட்டில் வியர்வை நிற்க, பாயின் ஓரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு அவர் ரெண்டு என்றார். இத்தனை மாதம் நான் எழுதியது என்ன என்று அந்த இடத்தில்தான் புரிந்தது.

கால்மாட்டுக்குப் போய் வலது பாதத்தைப் பிடித்தேன். பெருவிரலை மேலே தூக்குங்கள் என்றேன். தூக்கிவிட்டதாகச் சொன்னார். விரல் அசையவில்லை. பிறகு, பல மாதமாகக் கேட்காமல் விட்ட நான்காவது கேள்வியைக் கேட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"காலைல இருந்து ஒண்ணுக்கு சரியா வர்றதில்லீங்க. உக்கார்ற எடம் மரத்துப் போனாப்பல இருக்குது. இதையெல்லாம் போய் ஆருகிட்டச் சொல்றதுன்னு..."

வெளியே வந்து டாக்டரை அழைத்தேன். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. உட்கார வைக்காதீர்கள், நடக்க வைக்காதீர்கள், ஆம்புலன்ஸ் அனுப்புகிறேன், நேராகக் கோயம்புத்தூருக்குப் போங்கள், அங்கே ஆபரேஷனுக்கு நான் பேசிவிடுகிறேன் என்றார். மணிக்கணக்கில் தாமதித்தால் நரம்பு திரும்பாது என்றார்.

5. ஆம்புலன்ஸில்

அவிநாசி தாண்டியதும் ரோடு சீராக இருந்தது. அவருக்குக் கொஞ்சம் பேச முடிந்தது. பேக்கிங்குக்குப் போன இரண்டாவது வாரத்திலிருந்தே கால் இழுக்கத் தொடங்கியதாம். போன வெள்ளிக்கிழமை ஒரு பெட்டியைத் தூக்கித் திரும்பும்போது உள்ளே ஏதோ வழுக்கியதாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நான் கோபமாகக் கேட்டிருக்க வேண்டும், ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் இருந்த பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

ருக்குமணி கூரையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"மொத மாசம் ஆறுன்னு சும்மா சொல்லிப்போட்டனுங்க. அப்ப உங்க கொரலு அப்படியே மாறிப் போச்சுங்க. எனக்கு நல்லாச்சுன்னு ஆரும் அப்படிச் சந்தோசப்பட்டதில்லீங்க. அடுத்த மாசம் மறுக்கா ஏழுன்னு எப்படிங்க சொல்றது?"

அப்படியானால் எப்போதும் ஏழுதானா என்று கேட்டேன்.

"ஏழுதானுங்க. சில நாளைக்கு எட்டு."

கோயம்புத்தூர் வரை அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் அவரை ஏமாற்றினேனா, அவர் என்னை ஏமாற்றினாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் அந்தப் போன் வேண்டியிருந்தது. அதற்கு எண்கள் குறைந்துகொண்டே வர வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலமே ஆபரேஷன் நடந்தது. டிஸ்க்கிலிருந்து பிதுங்கி வந்த துண்டை எடுத்தார்கள். நாலு நாளில் சிறுநீர் சரியானது. வலி குறைந்தது. வலது பாதம் மட்டும் தூக்க வரவில்லை.

6. டாக்டர் அறை

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனேன். ருக்குமணி சொன்னதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நோயாளி பொய் சொன்னார் என்று விஷயம் முடிந்திருக்கும். டிக் அடித்ததை நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கதவு வரைக்கும் போய், திரும்பி வந்து அதையும் சொன்னேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். அவர் திட்டவில்லை. வேறு எத்தனை பேருக்கு இப்படி டிக் அடித்தீர்கள் என்று கேட்டார். எனக்கே தெரியாது என்றேன்.

"அப்ப ஊசி வேலை செஞ்சுதா, உங்க கொரலு வேலை செஞ்சுதான்னு எனக்குத் தெரியாதுங்களே எஸ்தரம்மா."

பிறகு அவரே, ஃபிட்னஸ் லெட்டரில் இருப்பது என் கையெழுத்துதான், முகம் சுண்டியதை நானும்தான் பார்த்தேன் என்றார். அந்த மாதக் கடைசியில் மற்ற டாக்டர்கள் கூடுகிற கூட்டத்தில் இந்த ரிஜிஸ்டரைப் பற்றிப் பேசுவதாக இருந்தார். அவர்களுக்குப் போன் செய்து, இப்போது பேசவில்லை என்று சொல்லிவிட்டார். புதிதாக யாருக்கும் டிஸ்க்கில் ஊசி போடுவதைக் கொஞ்ச காலம் நிறுத்தினார். பட்டியலில் இருக்கிற பழையவர்கள் எல்லோரையும் வேறொருவர் மறுபடி கேட்க வேண்டும் என்றார். ரிஜிஸ்டரை என் கையிலிருந்து வாங்கி ஸ்கேன் ரூமில் டைப் அடிக்கிற சுதாவிடம் கொடுத்தார்.

சுதாவுக்குக் கைக்குழந்தை. சீக்கிரம் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். ரயில் வருகையை அறிவிப்பது மாதிரிக் கேட்பாள். வலி பத்துக்கு எத்தனை. எவ்வளவு நேரம் உட்கார முடியும். கால் மரத்துப்போகுதா. ஒண்ணுக்கு, வெளிக்கு சரியாப் போகுதா. நன்றி. ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம். சிலர் அந்த சிஸ்டர் எங்கே என்று கேட்டார்களாம். அவங்க லேப்ல இருக்காங்க, வலி எத்தனைன்னு சொல்லுங்க என்பாளாம்.

அவள் எழுதிய எண்கள் என்னுடையவற்றைவிடக் கூடுதலாக இருந்தன. எல்லோருக்கும் இல்லை. சிலருக்கு மெய்யாகவே குறைந்திருந்தது, அவளிடமும் அதே எண்ணைத்தான் சொன்னார்கள். ஆனால் என்னிடம் மூன்று என்றவர் அவளிடம் ஆறு என்றார். என்னிடம் நன்றாகத் தூங்குகிறேன் என்றவர் அவளிடம் ராத்திரி உட்கார்ந்தே இருக்கிறேன் என்றார். அந்தப் பக்கத்தை அவள் எனக்குக் காட்டவில்லை. நானே போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன்.

7. வேலைக்குக் கேக்கலீங்க

ருக்குமணியைக் கோயம்புத்தூரில் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டாவது முறை அவர் அண்ணன் கொமரலிங்கத்திலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். இத்தனை நாள் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே என்று மட்டும் தங்கையைப் பார்த்துச் சொன்னார். அவர் மருந்து வாங்கப் போயிருந்தபோது ருக்குமணி என்னிடம் கேட்டார்.

"அடுத்த மாசம் போன் பண்ணுவீங்களா அக்கா?"

முதல் முறையாக அக்கா என்றார். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும், இனிமேல் அது என் வேலை இல்லை, சுதா என்று ஒரு பெண் பேசுவாள் என்றேன். தவறைத் திருத்துகிறவள் அப்படித்தான் பேச வேண்டும் என்று நினைத்தேன்.

"வேலைக்குக் கேக்கலீங்க" என்றார்.

அண்ணன் வந்துவிட்டார். பாதத்துக்குப் போட்டிருந்த பட்டையோடு ருக்குமணியைத் தாங்கிக் காரில் ஏற்றினோம்.

நான் போன் செய்யவில்லை. வெட்கம். அவர் எண் எனக்கு மனப்பாடம், ஞாயிறு மதியம் விரல் அதுவாகவே அங்கே போகும். வைத்துவிடுவேன். அந்த மாதங்களில் ஞாயிறு எப்படி இருந்தது என்று எழுத ஒன்றும் இல்லை. துவைத்த துணியை மறுபடி துவைத்திருக்கிறேன்.

பொங்கலுக்கு மறுநாள் அடித்தேன். எடுத்தார். அண்ணன் வீட்டிலேயே இருப்பதாகச் சொன்னார். அண்ணி நன்றாகப் பார்த்துக்கொள்கிறார், மாட்டுப் பொங்கலுக்குப் பிள்ளைகள் எல்லாம் வந்திருக்கிறார்கள் என்றார். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நல்லா இருக்கறேனுங்க" என்றார்.

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மெய்யாகவே நன்றாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மேற்கொண்டு கேட்கிற உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன். பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் யாரோ அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வைத்துவிட்டோம். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை பேசுகிறோம். கருப்பட்டி, வாய்க்கால் தண்ணீர் பற்றிப் பேசுகிறோம். பழைய நீளத்துக்குப் போவதில்லை.

8. கேட்கிற முறை

சுதா இரண்டு வருடத்தில் வேறு ஊருக்குப் போனாள். டாக்டர் ரிஜிஸ்டரை மறுபடி என் மேசையில் வைத்தார். அதற்குள் அவர் மறுபடி சிலருக்கு மட்டும் ஊசி போடத் தொடங்கியிருந்தார், பார்த்துப் பார்த்து, வேறு வழிகளை முயன்றவர்களுக்கு.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இங்கேதான் இருக்கிறது. நான்கு கேள்விகளையும் தாளைப் பார்த்துப் படியுங்கள். உங்களுக்கு மனப்பாடம் என்றாலும் படியுங்கள். கேட்காத கட்டத்தைக் காலியாக விடுங்கள், காலிக் கட்டம் பொய் சொல்லாது. ஒருவர் எண்ணைச் சொன்னதும் நல்லது, அடடா என்று எதுவும் சொல்லாதீர்கள். எழுதுகிற நேரம் சும்மா இருங்கள். அந்த அமைதி தாங்க முடியாததாக இருக்கும். தாங்கிக்கொள்ளுங்கள். சிலர் அப்போதுதான் மெய்யான எண்ணுக்கு மாறுவார்கள். உங்களுக்குப் பேச ஆள் வேண்டுமென்றால், அதில் தவறில்லை, ரிஜிஸ்டரை மூடிவைத்துவிட்டு வேறொரு நாள் பேசுங்கள். வலியைக் கேட்கிற போனில் உங்கள் தேவையைச் சேர்க்காதீர்கள். எதிர்ப்பக்கம் இருப்பவர் அதைக் கேட்டுவிடுவார்.

ஓய்வு பெறுவதற்கு முந்தின ஞாயிறு கடைசியாக ஒருவருக்குப் போன் செய்தேன். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், ஊசி போட்டு மூன்று மாதம். வலி பத்துக்கு எத்தனை என்று படித்தேன்.

"எட்டுங்க" என்றார்.

நான் எழுதினேன். அவர் நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தது தெரிந்தது. நான் அடுத்த கேள்வியைப் படித்தேன், அதற்கடுத்ததையும் படித்தேன். இடது காலிலிருந்து இரண்டு நாளாகச் செருப்பு தெரியாமலே கழன்றுவிடுகிறது என்றார். நான்காவதையும் கேட்டு எழுதினேன், அதில் தொந்தரவு இல்லை. நாளைக்குக் காலையில் வாருங்கள், அதற்குள் சிறுநீரில் மாற்றம் தெரிந்தால் ராத்திரியே வாருங்கள் என்றேன்.

"போன மாசமும் எட்டுத்தான் சொன்னனுங்க சிஸ்டர். மறுக்கா மறுக்கா அதையே சொல்றதுக்குச் சங்கட்டமா இருக்குதுங்க" என்றார்.

எட்டு என்றால் எட்டு என்றே சொல்லுங்கள் என்றேன். அவர் சரி என்றார். அந்தப் போன் மூன்று நிமிடம்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் லேபைத் திறக்க வந்தபோது, வெளியே பெஞ்சுக்குப் பக்கத்தில், உட்கார முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றிருந்தார்.